சின்ன வயதில் ஆடிய அதே வேகத்தில் மாரியோ: பழைய டிவி கேமைக் கணினியில் ஆட முழு வழிகாட்டி

போன லீவில் அத்தை மகன் வீட்டுக்கு வந்தபோது அவன் லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டுக் கொடுத்தேன். சூப்பர் மாரியோ திறந்தது, பாட்டு ஓடியது, அவன் முகமும் மலர்ந்தது. அரை நிமிடம் ஆடிவிட்டுக் கையை எடுத்தான். "டேய், இது நம்ம மாரியோ இல்ல. ரொம்ப வேகமா ஓடுறான்."

வயதாகிவிட்டதால் அப்படித் தெரிகிறது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அவன் சொன்னது சரி. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் அமெரிக்காவில் ஆடியவர்கள் எழுதியவை. ஆகவே அவை "கேம் திறந்துவிட்டது, மகிழ்ச்சியாக ஆடுங்கள்" என்று முடிந்துவிடும். தொண்ணூறுகளில் பர்மா பஜாரிலோ ஊர்த் திருவிழாக் கடையிலோ வாங்கிய பெட்டியில், மஞ்சள் கேசட் செருகி ஆடிய நமக்கு அதற்கு மேலும் சில வேலைகள் இருக்கின்றன. அந்த வேலைகளையும் சேர்த்து, முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்தப் பெட்டி என்ன பெட்டி?

நாம் ஆடியது பெரும்பாலும் நின்டெண்டோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஃபேமிகாம் பெட்டியின் நகல். ஃபேமிகாம் 1983 ஜூலையில் ஜப்பானில் வந்தது. அமெரிக்காவுக்குப் போனபோது பெயர் நெஸ் என்று மாறியது. உள்ளே 1.79 மெகாஹெர்ட்ஸ் செயலி, 2 கிலோபைட் நினைவகம், 256க்கு 240 புள்ளிகள் கொண்ட படம், அவ்வளவுதான். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட். இன்று ஒருவர் அனுப்பும் காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது.

எமுலேட்டர் என்பது அந்தப் பெட்டியின் செயலி, படச் சில்லு, ஒலிச் சில்லு எல்லாவற்றையும் கணினிக்குள் மென்பொருளாக நடித்துக் காட்டும் நிரல். கேசட்டில் இருந்த தரவை அதற்குக் கொடுத்தால், நிஜப் பெட்டியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு விளையாட்டு ஓடும்.

முதல் படி: மென்பொருள்

நெஸ்ஸுக்கு எமுலேட்டர்கள் ஏராளம். 1997இல் வந்த நெஸ்டிக்கிள் அந்தக் காலத்துக் கணினிகளில் ஓடவேண்டும் என்பதற்காகப் பல குறுக்குவழிகளில் போனது. இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. நான் பரிந்துரைப்பது மெசென். சோர் என்ற புனைபெயரில் இயங்கும் நிரலாளர் எழுதியது, இலவசம், திறமூலம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். நிஜப் பெட்டியின் ஒவ்வொரு துடிப்பையும் பின்பற்றுவதில் மிகவும் துல்லியமானது. அதைவிட முக்கியம், நமக்குத் தேவையான ஓர் அமைப்பு அதில் இருக்கிறது. அதை நான்காம் படியில் சொல்கிறேன்.

கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் அதன் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'மெசென் 2' என்பதே இப்போதைய வடிவம். ஜிப்பைப் பிரித்து ஒரு தனி ஃபோல்டரில் வையுங்கள். நிறுவ வேண்டிய வேலை எதுவும் இல்லை. திறக்கும்போது டாட்நெட் என்ற துணை மென்பொருள் வேண்டும் என்று கேட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை திறக்கும்போது தரவுகளை எங்கே வைப்பது என்று கேட்கும். நிரல் இருக்கும் அதே ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு லேப்டாப் மாற்றினாலும் ஒரே ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துப் போனால் போதும், சேமித்த ஆட்டங்களும் கூடவே வரும்.

ரெட்ரோஆர்க் என்று ஒன்றும் உண்டு. பல எமுலேட்டர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் நல்ல மென்பொருள்தான். ஆனால் அதன் மெனு ஒரு கடல். முதல் முறை ஆடுபவர் அதில் இறங்க வேண்டாம்.

இரண்டாம் படி: விளையாட்டுக் கோப்பு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எமுலேட்டர் எழுதுவதும் வைத்திருப்பதும் சட்டத்துக்குப் புறம்பானவை அல்ல. 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பிளேஸ்டேஷனை நடித்துக் காட்டும் மென்பொருள் பற்றி சோனி தொடுத்த வழக்கில் எமுலேட்டரை எழுதிய கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. விளையாட்டின் கதை வேறு. அதற்குப் பதிப்புரிமை இருக்கிறது. மாரியோ இன்றும் நின்டெண்டோவின் சொத்து. கண்ட தளத்தில் இறக்குவது சட்டப்படி சரியல்ல.

சரி, என்ன செய்யலாம்? நல்ல வழிகள் மூன்று.

முதலாவது, இன்றைக்கும் இந்தப் பெட்டிக்காகப் புதிதாக எழுதப்படும் விளையாட்டுகள். 'நோவா த ஸ்குவிரல்' இலவசம், திறமூலம். 'மைக்ரோ மேஜஸ்' காசு கொடுத்து வாங்கவேண்டியது. மாரியோவைப் போலவே 40 கிலோபைட்டுக்குள் நான்கு பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டை அடைத்திருக்கிறார்கள். அதை ஒரு முறை நான்கு பேராக ஆடிப் பாருங்கள். அந்தச் சின்னப் பெட்டிக்கு இவ்வளவு திறமை இருந்ததா என்று தோன்றும். எமுலேட்டரைச் சரிசெய்யும்வரை இவற்றையே சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, அதிகாரபூர்வத் தொகுப்புகள். கொனாமி 2019இல் வெளியிட்ட கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் கிடைக்கும். அதற்குத் தனி எமுலேட்டரே வேண்டாம்.

மூன்றாவது, பரணில் இருக்கும் சொந்தக் கேசட். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு கணினி நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர் அது கெட்டுப்போனால் உதவுவதற்கென்று காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 'முறையாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம்மிடம் இருந்த '9999 இன் 1' மஞ்சள் கேசட்டுகள் அநேகமாக எல்லாமே உரிமம் இல்லாத நகல்கள். ஒரிஜினல் ஃபேமிகாம் அல்லது நெஸ் கேசட் வைத்திருப்பவருக்கே இந்த வழி உறுதியாகப் பொருந்தும்.

கேசட்டிலிருந்து தரவை எடுக்க ஒரு ரீடர் வேண்டும். ஆர்டுயினோ மெகா என்ற சிறு மின்னணுப் பலகையை வைத்து வீட்டிலேயே செய்யக்கூடிய, 'சன்னி' என்பவர் வடிவமைத்த திறமூல ரீடர் ஒன்று உண்டு. சாலிடரிங் தெரிந்த நண்பர் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்களை வாங்கிச் செய்துவிடலாம். கேசட்டைச் செருகுவதற்கு முன், நாம் எல்லோரும் செய்ததுபோல வாயால் ஊதவேண்டாம். எச்சில் ஈரம் பட்டுப் பட்டுத்தான் அந்த 60 பின்களும் கறுத்துப்போயின. காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, பின்களின் நீளவாக்கில் தேயுங்கள். பஞ்சில் சாம்பல் நிறம் ஏறும். வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றி மாற்றித் தேய்த்து, காய்ந்தபின் செருகுங்கள்.

கடைசியில் கிடைக்கும் கோப்பின் வால் 'டாட் நெஸ்' என்று இருக்கும். அதன் முதல் 16 பைட்டுகள் ஒரு முகவரிச் சீட்டு மாதிரி. இந்தக் கேசட்டுக்குள் எந்த வகைப் பலகை இருக்கிறது என்று எமுலேட்டருக்குச் சொல்கின்றன. பெட்டியால் கேசட்டில் ஒரு நேரத்தில் 32 கிலோபைட் நிரலை மட்டுமே பார்க்க முடியும். மாரியோவின் நிரல் அதற்குள் அடங்கிவிடும். கான்ட்ரா 128 கிலோபைட். ஆகவே கேசட்டுக்குள்ளேயே ஒரு சுற்று, தேவைப்படும் துண்டை மாற்றி மாற்றிக் காட்டும். இதற்குப் பெயர் மேப்பர். கோப்பு திறந்தும் திரை கறுப்பாகவே இருந்தால், அல்லது படம் துண்டு துண்டாகச் சிதறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த முகவரிச் சீட்டில் இருக்கும் மேப்பர் எண்ணை. எமுலேட்டரை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை.

இன்னொன்று. எங்கிருந்து வந்தாலும், நெஸ் விளையாட்டு என்று சொல்லி 'டாட் ஈஎக்ஸ்ஈ' கோப்பைக் கொடுத்தால் தொடாதீர்கள். அது விளையாட்டு இல்லை.

மூன்றாம் படி: கைக்குப் பழக்கம்

விசைப்பலகையில் ஆடலாம். ஆனால் சாதாரண விசைப்பலகைகளில் சில மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. மாரியோவில் வலது அம்பு, ஓட ஒரு பட்டன், தாண்ட ஒரு பட்டன் என்று மூன்றும் சேர்ந்து அழுந்தவேண்டிய இடத்தில் மாரியோ தாண்டாமல் குழிக்குள் போவான். தப்பு உங்கள் மேல் இல்லை. பட்டன்களை வேறு எழுத்துகளுக்கு மாற்றி, மூன்றையும் அழுத்திப் பார்த்து, பதிவாகும் கூட்டணியைப் பிடியுங்கள். ஷிஃப்ட் விசையைத் தாண்டுவதற்கு வைக்கவே கூடாது. ஐந்து முறை தட்டினால் விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் பெட்டி வந்து குறுக்கே நிற்கும்.

யுஎஸ்பி கேம்பேட் ஒன்று வாங்கிவிடுவது உத்தமம். மெசெனில் செட்டிங்ஸ், நெஸ், இன்புட் என்று போனால் முதல் போர்ட்டில் பட்டன்களை ஒவ்வொன்றாகப் பொருத்தலாம். எக்ஸ்பாக்ஸ் வகைப் பேடாக இருந்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய ஜாய்ஸ்டிக்கில் பி இடப்பக்கம், ஏ வலப்பக்கம். கட்டைவிரல் நுனியால் பியை அழுத்தியபடியே, விரல் கணுவைச் சாய்த்து ஏயைத் தட்டித்தான் ஓடிக்கொண்டே தாண்டினோம். அந்தச் சாய்வு வேண்டுமானால் எக்ஸ் பட்டனை பியாகவும், கீழே உள்ள ஏ பட்டனை ஏயாகவும் வையுங்கள். எழுத்துக்கு எழுத்து பொருத்தினால் கை முரண்டு பிடிக்கும். நம் பெட்டியின் ஜாய்ஸ்டிக்கில் டர்போ பட்டன் இரண்டு கூடுதலாக இருந்தன அல்லவா, அவற்றுக்கும் அங்கே இடம் உண்டு.

நான்காம் படி: வேகம்

இப்போது அத்தை மகனின் புகாருக்கு வருவோம்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். இந்தியாவில் பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை, வினாடிக்கு 50. அந்தக் கால விளையாட்டுகளுக்குத் தனியாகக் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி என்றுதான் மாரியோ நகர்கிறான், பாட்டும் நகர்கிறது. நம்மூர் டிவியில் ஓடவேண்டிய நகல் பெட்டிகளில் வினாடிக்கு 50 படம் என்றால், ஆட்டமே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் நடக்கும். நம் காதில் பதிந்த மாரியோ பாட்டு, ஜப்பான் பிள்ளைகள் கேட்டதைவிட மெதுவானது.

அப்படியானால் எமுலேட்டரில் 'பால்' என்று தேர்ந்தெடுத்தால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். நின்டெண்டோ ஐரோப்பாவுக்கென்று செய்த பால் நெஸ்ஸில் செயலியின் வேகமே 1.66 மெகாஹெர்ட்ஸாகக் குறைந்தது. அதில் பாட்டு மெதுவாவதோடு சுருதியும் இறங்கிவிடும். தைவானின் யுஎம்சி போன்ற நிறுவனங்கள் நகல் பெட்டிகளுக்குச் செய்த சில்லுகள் வேறு வழியில் போயின. ஜப்பான் கேசட்டுகள் மாற்றமே இல்லாமல் ஓடவேண்டும் என்பதற்காகச் செயலியை 1.77 மெகாஹெர்ட்ஸில், ஏறக்குறைய மூல வேகத்திலேயே விட்டுவிட்டு, படத்தை மட்டும் 50 ஆக்கினார்கள். ஆகவே தாளம் மெதுவானது, சுருதி கிட்டத்தட்ட அப்படியே நின்றது. இந்த வகைக்கு எமுலேட்டர் உலகில் பெயர் 'டென்டி'. 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த ஒரு நகல் பெட்டியின் பெயர் அது.

மெசெனில் நெஸ் அமைப்புகளுக்குள் ரீஜியன் என்று ஒரு வரி இருக்கும். ஆட்டோ, என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்காவின் 60 படம் முறை), பால், டென்டி. டென்டியைத் தேர்ந்தெடுங்கள்.

சரியாக விழுந்ததா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. மாரியோ முதல் கட்டத்தில் நேரம் 400இல் தொடங்கும். அது நிஜ வினாடி இல்லை. 24 படத்துக்கு ஒரு எண் குறையும். மாரியோவை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு, கைபேசியின் ஸ்டாப்வாட்சை வைத்து 400இலிருந்து 300 வரை எடுக்கும் நேரத்தை அளந்து பாருங்கள். 60இல் ஓடினால் 40 வினாடி. டென்டியில் 48 வினாடி. நாங்கள் அளந்தபோது 48 வந்தது. அத்தை மகன் திரும்பவும் பேடை எடுத்தான். இந்த முறை எதுவும் சொல்லவில்லை, மூன்றாம் உலகம் வரை கையைக் கீழே வைக்கவும் இல்லை.

ஒரு சிக்கல் மிஞ்சும். லேப்டாப் திரை 60 ஹெர்ட்ஸ், ஆட்டம் 50. ஐந்து படத்துக்கு ஒரு முறை ஒரு படம் இரண்டு தடவை காட்டப்படும். பின்னணி நகரும்போது சின்னச் சின்னதாகத் தடுக்கும். எச்டிஎம்ஐ வழியாக டிவியில் போட்டால் இதற்குத் தீர்வு எளிது. விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் அட்வான்ஸ்ட் டிஸ்பிளேக்குள் போய்ப் புதுப்பிப்பு வேகத்தை 50 ஆக்குங்கள். பெரும்பாலான டிவிகள் ஏற்கும். 100 ஹெர்ட்ஸ் மானிட்டரும் அழகாகப் பொருந்தும். பிறகு மெசெனின் வீடியோ பகுதியில், படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் விசிங்கைப் போட்டுவிட்டால் பட்டு மாதிரி ஓடும். 60ஐத் தவிர வேறு எதுவும் உங்கள் திரையில் இல்லை என்றால், தடுக்கலா வேகமா என்று நீங்களே முடிவு செய்யவேண்டும். நான் தடுக்கலைப் பொறுத்துக்கொண்டு 50இல்தான் ஆடுவேன்.

ஐந்தாம் படி: படம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அகலத் திரை முழுவதும் இழுக்காதீர்கள், மாரியோ குண்டாகிவிடுவான். விகிதம் 4:3. மேலேயும் கீழேயும் 8 வரிகளை ஓவர்ஸ்கேன் அமைப்பில் வெட்டிவிடுங்கள். பழைய டிவியின் சட்டம் மறைத்திருந்த குப்பை அங்கே தெரியும். ஃபில்டர்களில், பழைய டிவியின் கிடைக்கோடுகளைக் காட்டும் லேசான ஸ்கேன்லைன் ஒன்று போதும்.

ஒரே வரிசையில் எட்டு உருவங்களுக்கு மேல் வந்தால் மினுக்கும். அது பெட்டியின் வரம்பு. அதை நீக்கும் வசதி மெசெனில் இருந்தாலும், சில விளையாட்டுகள் அந்த வரம்பை வைத்தே உருவங்களை மறைக்கும் வித்தையைச் செய்கின்றன. அப்படியே விட்டுவிடுவது என் வழக்கம்.

ஆறாம் படி: தாமதம்

பட்டனை அழுத்தி, மாரியோ எழும்புவதற்குள் ஒரு கணம் கழிவதுபோல இருந்தால் அது நிஜமாகவே கழிகிறது. பழைய குழாய் டிவியில் அந்தத் தாமதம் இல்லை. டிவியில் ஆடினால் முதலில் கேம் மோடைப் போடுங்கள். பாதிக்கு மேல் பிரச்சினை அங்கேயே தீரும். ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வயர் ஸ்பீக்கர் வையுங்கள். அப்புறம் மெசெனின் எமுலேஷன் அமைப்பில் ரன் அஹெட் என்பதை 1 ஆக்குங்கள். அது ஆட்டத்தை ஒரு படம் முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் படம் எகிறிக் குதிக்கலாம்.

சேமிப்பது

ஷிஃப்டும் எஃப்1உம் சேர்த்து அழுத்தினால் அந்த நொடி அப்படியே உறைந்து சேமிக்கப்படும். எஃப்1 மட்டும் அழுத்தினால் அங்கே திரும்பலாம். மெனுவில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்திலேயே அதன் விசை எழுதியிருக்கும், மாற்றியும் கொள்ளலாம். பேக்ஸ்பேஸைப் பிடித்தால் ஆட்டம் பின்னோக்கிச் சுழலும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆடக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக்கொடுங்கள். முதல் குழியிலேயே அழுகை வராது.

ஜெல்டா போல கேசட்டுக்குள்ளேயே பேட்டரி வைத்துச் சேமித்த விளையாட்டுகளில், விளையாட்டின் சொந்தச் சேமிப்பையும் தவறாமல் பயன்படுத்துங்கள். உறைந்த நொடிக் கோப்புகள் மெசெனின் புதிய பதிப்பில் திறக்காமல் போக வாய்ப்பு உண்டு. பேட்டரிச் சேமிப்பு ஒரு சின்னக் கோப்புதான், எந்த எமுலேட்டருக்கும் எடுத்துப் போகலாம்.

வாத்து சுடும் துப்பாக்கி

கடைசியாக இது. டக் ஹன்ட் துப்பாக்கியைப் பத்திரமாக வைத்திருக்கும் சிலர், அதை எல்இடி டிவியில் முயன்று பார்த்துவிட்டு, துப்பாக்கி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். துப்பாக்கியில் குறை இல்லை. அது எதையும் சுடுவதில்லை. அதன் குழாய்க்குள் வெளிச்சத்தை உணரும் ஒரு கண் இருக்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு படத்துக்குக் கறுப்பாகி, அடுத்த படத்தில் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சம் அதே கணத்தில் கண்ணில் பட்டால் வாத்து விழும். இன்றைய திரைகள் அந்தப் படத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டுவதால் கண் ஏமாந்துபோகிறது.

எமுலேட்டரில் மவுஸ்தான் துப்பாக்கி. டக் ஹன்ட்டை அடையாளம் கண்டால் மெசென் தானாகவே இரண்டாவது போர்ட்டில் அதைச் செருகிவிடும். செருகவில்லை என்றால் இன்புட் பகுதியில் அந்தத் துப்பாக்கியின் பெயரான ஸாப்பரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் மவுஸ் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, இரண்டு வாத்து ஆட்டத்தில் முதலில் உயரமாகப் பறப்பதைச் சுடுங்கள்.